பம்பைக்குப் பக்கத்தில் கிட்டார்

வேலூர், குடியாத்தம் பக்கத்துத் திருவிழா மேடையில் ராக் பாடகர் கிட்டாரோடு ஏறினால், கூடவே நாகஸ்வரமோ பம்பை மேளமோ கூத்து ஆர்மோனியமோ இருக்கும். அங்கே பாட்டு கெடுவது ரசனைக் குறைவால் அல்ல; சுருதியாலும் சத்தத்தாலும்தான்.

நாகஸ்வரத்தைச் சீவாளி (ஊதும் நாக்கு) மாற்றிக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். ஆர்மோனியத்தில் அதற்கும் வழியில்லை. இறங்கிவர வேண்டியது கிட்டார்தான். 1960களின் தொடக்கத்தில் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் மொராக்கோவில் ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியக் கலைஞர்களோடு வாசிக்கத்தான் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று கம்பி கூட்டினார் என்பார்கள். நம் கணக்கில் அது 2 கட்டைச் சுருதிக்கு (டி-தான் ஷட்ஜம்) ச-ப-ச-ம-ப-ச. காந்தாரமே இல்லை, அதனால் கரகரப்ரியாவும் உட்காரும், சங்கராபரணமும் உட்காரும். கல்யாணி என்றால் மட்டும் மூன்றாம் கம்பியைச் சும்மா மீட்டக் கூடாது, சுத்த மத்யமம் கடிக்கும். இரண்டரைக் கட்டை நாகஸ்வரத்துக்கு முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் முதல் கட்டத்தில்) எல்லாக் கம்பியையும் அழுத்தும் கேபோ கிளிப் போட்டால் சரி.

இதற்கு 6, 2, 1 கம்பிகளை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்க வேண்டும். 10 செட் கம்பி (முதல் கம்பி 0.010 அங்குலம்) தொளதொளக்கும்; கொஞ்சம் தடித்த 11 செட் நல்லது. மிதக்கும் பிரிட்ஜ் (கம்பி இழுப்புக்கு எதிராக ஸ்பிரிங் பிடித்து நிற்கும் பாலம்) உள்ள கிட்டாரில் மேடையில் இதை முயலவே வேண்டாம். மூன்று கம்பி தளர்ந்ததும் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னுக்கு இழுக்கும், மற்ற மூன்றும் ஏறிவிடும். பழைய ஆர்மோனியத்தின் ஏ ஸ்வரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸில் நிற்காது. அது 443 காட்டினால் டியூனரையே 443-க்கு மாற்றிவிட்டுக் கம்பி கூட்டுங்கள். மே மாத வேலூர் வெயிலில் கம்பி சூடேறிச் சுருதி இறங்கும். கிட்டார் மேடைச் சூட்டுக்குப் பழகிய பிறகு கூட்டினால்தான் நிற்கும்.

பம்பைக்காரரைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. மைக்கின் முகம் அந்தப் பக்கம்தானே பார்க்கிறது? குரலைவிடப் பம்பைதான் அதில் ஏறும். பக்கவாட்டில், இரண்டடி முன்னால் நிறுத்தினால் பாதித் தொல்லை தீரும். பம்பை திஸ்ரத்தில் (மூன்று மூன்றாக) ஓடினால் கிட்டாரும் அதே நடையுள்ள ஷஃபிளுக்கு வந்துவிட வேண்டும், அடம்பிடித்துப் பயனில்லை.

ஜெனரேட்டர் மேடையில் எர்த் சரியில்லாவிட்டால் கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டாலே ஷாக் அடிக்கும். பாடுவதற்கு முன் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் காட்டினால் ஆம்ப், மிக்ஸர் இரண்டையும் எர்த் உள்ள ஒரே போர்டில் சொருகச் சொல்லுங்கள். இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் போகும், ஆளும் போகலாம்.