அம்மாவின் பாய்

மார்ச் 5, 2025, புதன்

ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் இன்றைக்கும் அதே கேள்வி. "பாய எங்கட்டி வச்சிருக்க?" தம்பி எப்போது வருவான் என்று ஒரு தடவைதான் கேட்டாள். பாயை நாலு தடவை.

மார்ச் 6

பரணில் இருந்தது, அப்பாவின் வேட்டியில் சுற்றி. 1974 கல்யாணப் பாய். சிவப்புக் கோரையில் இரண்டு பேர் பெயரும் நெய்திருக்கிறது. ஒரு ஓரம் பிரிந்து, அம்மா பெயரின் கடைசி எழுத்து பாதியைக் காணவில்லை. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

மார்ச் 8, சனி

பத்தமடை போனேன். அம்பாசமுத்திரம் பஸ், மடியில் பாய். சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் இது. மலேயாவில் டாக்டராக இருந்து, அப்புறம் ரிஷிகேசம் போய்த் துறவியானவர். டாக்டர் என்று நினைத்தாலே மனம் ரிப்போர்ட்டுக்குப் போய்விடுகிறது. திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

பாய் நெய்யும் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் நோன்பு. தரையோடு தரையாகப் பாவு நூல் கட்டியிருக்கிறது. ஒருத்தி குச்சியில் கோரையைக் கோத்து உள்ளே செலுத்த, இன்னொருத்தி அச்சை இழுத்து அடிக்கிறாள். ஒரு கோரை, ஒரு அடி. பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்த பிறகுதான் அது தறிக்கு வருகிறதாம். பட்டுப்பாய் என்றால் கோரையை நூல் மாதிரி கீற வேண்டும், ஒரு பாய்க்கு வாரக்கணக்காகும். அந்த உழைப்புக்குக் கிடைக்கும் கூலி மிகவும் குறைவு. எனக்குக் கோபமாக வந்தது.

எல்லோரும் லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஒரு மூத்த அம்மா பாயை விரித்து, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. "இத மறுபடி நெய்ய முடியாதும்மா. பழைய கோரை ஒடிஞ்சிரும். ஓரத்துக்குத் துணி வச்சுத் தச்சுத் தாரேன், மேல பிரியாது" என்றார். எழுத்து? "எங்க உம்மாவுக்கு எழுத்தே தெரியாது. கல்யாண வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்த தாளப் பாத்து, நூல எண்ணி எண்ணித்தான் பேரு போடுவா. எத்தன வள்ளி, எத்தன லட்சுமி!"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 51 வருஷம் அம்மா படுத்த பாய். படிக்கத் தெரியாத யாரோ ஒரு உம்மா, முன்பின் பார்க்காத ஒரு பெண்ணின் பெயரை நூல் நூலாக எண்ணியிருக்கிறாள்.

அம்மாவுக்கு என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். தறி நின்றுவிட்டது. "நோன்பு தொறக்கயில கேக்குற துஆ வீண்போவாது. பேரச் சொல்லிட்டுப் போ." சொன்னேன்.

மார்ச் 9

அம்மாவுக்குக் காய்ச்சல் 101. கடைசி எழுத்து கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மார்ச் 10

ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 11

வரவில்லை. வாசலில் கத்திவிட்டேன். அந்த நர்ஸ் பெண் என்ன செய்வாள், பாவம். போய் மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 13, வியாழன்

பாய் பத்தமடையில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு முகமே மாறிவிட்டது. "நோன்பு நாளாச்சே, வெறுங்கையோட போகாத. பேரீச்சம்பழம் வாங்கிட்டுப் போ." மூன்று நாளாக ஒரு வாய் இறங்கவில்லை, இதில் யாருக்கு என்ன வாங்க வேண்டும் என்ற கணக்கு!

சாயங்காலம் போனேன். பாங்கு சொன்னதும் எனக்கும் ஒரு பழம் தந்து உட்காரவைத்தார்கள். புறப்படும்போது லாத்தா ஒரு தூக்குவாளியை நீட்டினார். பள்ளிவாசல் கஞ்சி இல்லை, வீட்டில் தனியாகக் காய்ச்சியது. "உங்கம்மா கறி சேக்க மாட்டாங்கன்னு அன்னைக்கிச் சொன்னியே. பருப்பும் வெந்தயமும் தேங்காப்பாலும்தான்." நான் சொன்னது எனக்கே நினைவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அம்மா ஆறு ஸ்பூன் குடித்தாள். எண்ணினேன். ஆறு.

மார்ச் 14

காலையில் மீதியையும் கேட்டாள். வாளியைக் கழுவி வைத்திருக்கிறேன். காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதாம். அதில் என்ன போடுவது என்று படுத்தபடியே யோசிக்கிறாள். அதிரசமா, முறுக்கா.

மார்ச் 17

ரிப்போர்ட் வந்தது. இன்னொரு ஸ்கேன் வேண்டுமாம். அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18

தூக்கம் இல்லை. ஒரு கோரை, ஒரு அடி. ஒரு கோரை, ஒரு அடி.

மார்ச் 20, வியாழன்

பாய் தயார் என்று போன். ஓரத்துக்குச் சிவப்புத் துணி வைத்திருக்கிறார்களாம். லாத்தா அந்த எழுத்தை மறைக்கவில்லை: "மிச்சம் இருக்கறது இருக்கட்டும்மா, எங்க ஆளு எண்ணிப் போட்டதுல்லா."

ஸ்கேன் நாளைக்குப் பதினொரு மணிக்கு. காலை முதல் பஸ்ஸில் போனால் பத்து மணிக்குள் பாயோடு திரும்பிவிடலாம். அதிரசம் வாளியில் இருக்கிறது.