ரேடார் படத்தில் சிவப்பு தெரிந்தால்

'ரேடியோ டிடெக்‌ஷன் அண்ட் ரேஞ்சிங்' என்பதைச் சுருக்கி 1940-ல் அமெரிக்கக் கடற்படை வைத்த பெயர் ரேடார். அனுப்பிய ரேடியோ அலை மேகத்தின் மழைத்துளிகளில் பட்டு 1 மில்லி விநாடியில் எதிரொலியாகத் திரும்பினால் மேகம் 150 கி.மீ. தள்ளி இருக்கிறது.

மழைப் படத்தில் இருக்கும் டிபிஇசட் (dBZ) எண்ணை, அதாவது எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அளவை, நேர்க்கணக்காகப் பார்க்காதீங்க. 30-க்கும் 40-க்கும் நடுவே எதிரொலி 10 மடங்கு கூடும். 20 என்றால் தூறல். 50 தாண்டினால், அதாவது படத்தில் சிவப்பு தெரிந்தால், கொட்டித் தீர்க்கும், ஆலங்கட்டியாகவும் இருக்கலாம்.

'ரேடார்ல ஒண்ணுமே இல்ல, இங்க மழை பெய்யுது' என்று புலம்பல் வரும். காரணம் பூமியின் வளைவு. அரை டிகிரி ஏற்றத்தில் போகும் கதிர் 200 கி.மீ.யில் தரையிலிருந்து சுமார் 4 கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். அதற்குக் கீழே பெய்வது சிக்காது.

குறைந்த அலைநீளத்தில் இயங்கும் 'எக்ஸ் பேண்ட்' வகை ரேடார் என்றால் இன்னொரு தொல்லை: அதன் 3 செ.மீ. அலை கனமழையிலேயே தேய்ந்து, பின்னால் நிற்கும் மேகத்தை மங்கலாகக் காட்டும். சென்னைத் துறைமுக ரேடார் 10 செ.மீ. எஸ் பேண்ட், அங்கே இது குறைவு.