எட்டுப் பருக்கை, ஒரு பானை

பழைய எக்செல் ஃபைல் ஒன்றை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். 24 அளவுகள், 3 சாஃப்ட்னர் (துணியை மெதுவாக்கும் கெமிக்கல்), கீழே மஞ்சள் அடித்த ஒரு கட்டத்தில் F = 19.3. திருப்பூரில் ஒரு டையிங் லேபில் ஆறு வருடம் இருந்துவிட்டு மொரீஷியஸுக்கு வந்த புதிதில் போட்ட கணக்கு. அந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்தால் இப்போதும் காது சூடாகிறது.

நாங்கள் ஓட்டிய சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி துவைத்தால் நீளவாக்கில் சுருங்கியது. பையர் கொடுத்த எல்லை 5 சதவீதம். எங்கள் துணி அந்தக் கோட்டின் மேலேயே தள்ளாடிக்கொண்டிருந்தது. கெமிக்கல் விற்கும் ஒருவர் வந்து, புது சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டால் சுருக்கம் குறையும் என்றார். விற்பவர் வேறு என்ன சொல்வார்? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது ஒன்று, அவர் கொண்டுவந்தது இரண்டு. மூன்றையும் ஒப்பிட்டுச் சொல் என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

கல்லூரியில் படித்த அனோவாவை, அதாவது பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் முறையை, தூசி தட்டினேன். இரண்டிரண்டாக எடுத்து மூன்று டி-டெஸ்ட் போட்டால் ஒவ்வொன்றிலும் உள்ள 5 சதவீதத் தவறு சேர்ந்து, இல்லாத வித்தியாசம் ஏதாவது ஒன்றிலாவது தலைகாட்டும் வாய்ப்பு 14 சதவீதம் வரை போகும், அதனால் மூன்றையும் ஒரே கணக்கில் பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு ஞாபகம் இருந்தது. குழுக்களின் சராசரிகள் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை, குழுவுக்குள்ளேயே அளவுகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதால் வகுத்தால் F. அவ்வளவுதானே என்று இறங்கிவிட்டேன்.

ஒவ்வொரு சாஃப்ட்னரிலும் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் சேர்த்து ஓட்டும் துணி, ஓட்டினோம். ஒவ்வொரு லாட்டிலும் 8 துண்டு வெட்டி, 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்து, டம்ப்ளரில் காயவைத்து, ஏசி அறையில் ஆறவிட்டு அளந்தேன். 50-இல் 2.5 செ.மீ. போனால் 5 சதவீதம், மனக்கணக்குக்கு வசதி. வித்தியாசம் தற்செயல் அல்ல என்று சொல்ல 24 அளவுக்கு F அட்டவணை கேட்டது 3.47 மட்டும்தான், எனக்கு வந்ததோ 19.3. மஞ்சள் அடித்தேன். மெயில் போட்டேன். டிரம் டிரம்மாக வாங்கினார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, சுருக்கம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சில லாட்டுகள் 6-ஐத் தொட்டன. ஒரு ஆர்டரையே பிடித்து வைத்தார்கள்.

டையிங் மாஸ்டர் ஈரோட்டுக்காரர், பத்தாவதோடு படிப்பை விட்டவர். சாப்பாட்டு மேசையில் என் கணக்கை முழுதாகக் கேட்டுவிட்டு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னா சரிங்க. ஒரே பானையில எட்டுப் பருக்கை எடுத்தா எட்டுப் பானை ஆயிருமுங்களா?"

சோறு இறங்கவில்லை எனக்கு. அவர் சொன்னது அப்படியே புள்ளியியல். சாஃப்ட்னர் போய்ச் சேர்வது லாட்டுக்கு. துண்டுக்குத் தனித்தனியாக யாரும் சாஃப்ட்னர் போடுவதில்லை. ஒரே லாட்டில் வெட்டிய எட்டுத் துண்டுகளும் ஒரே நூல், ஒரே தண்ணீர், ஒரே டிரையர், காம்பேக்டிங்கில் (துணியை முன்கூட்டியே நீளவாக்கில் நெருக்கும் வேலை) ஒரே ஓவர்ஃபீட் (துணியைக் கூடுதலாகத் தளர்த்தி உள்ளே விடும் அளவு) பார்த்தவை. அவற்றுக்குள் இருக்கும் சிதறல் என் ஸ்கேலின் நடுக்கமும் துணியின் சிறு ஏற்ற இறக்கமும்தான். அந்தச் சின்ன எண்ணைக் கீழே வைத்து வகுத்தால், எந்த இரண்டு லாட்டை ஒப்பிட்டாலும் F வானத்துக்குத்தான் போகும், சாஃப்ட்னரே போடாவிட்டாலும் போகும். என்னிடம் இருந்தது 24 அல்ல, 3. ஒரு குழுவுக்கு ஒரே ஒரு அளவு என்றால் குழுவுக்குள் சிதறலே கிடையாது, அனோவாவே போட முடியாது.

அப்புறம் தேடிப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. இந்த முறையை உருவாக்கிய ஃபிஷரே இதில் சறுக்கியிருக்கிறார். 1919-இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர், 1923-இல் மெக்கன்ஸி என்பவரோடு சேர்ந்து 12 உருளைக்கிழங்கு வகைகளையும் உரங்களையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்தச் சோதனையில் பொட்டாஷ் உரங்கள் பெரிய பாத்திக்குள்ளேயே சிறு சிறு பகுதிகளாகப் போடப்பட்டவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பிழை எண்ணோடு ஒப்பிட்டுவிட்டார். 1925-க்குள் அவரே திருத்தி, பெரிய பாத்திக்கு ஒரு பிழை, உள்ளே இருக்கும் சிறு பகுதிக்கு வேறொரு பிழை என்று பிரித்துக் காட்டினார். இன்று ஸ்பிளிட் பிளாட் என்று சொல்வது அதுதான். என் தவறுக்கும் 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் பெயர் வைத்திருக்கிறார், ஸூடோரெப்ளிகேஷன் என்று. மாஸ்டரின் பானை எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது.

மறுபடி செய்ய அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு மூன்று லாட், மூன்றும் ஒரே நாளில், ஒரே கோரா (சாயம் போடாத) துணியில். எது முதலில் ஓடும் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். அப்படி நான்கு சுற்று. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே இதைச் செய்தது என் நேரம்தான்: தைப்பூசக் காவடி விடுமுறை ஒரு பக்கம், மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்து ஆலையையே மூடியது இன்னொரு பக்கம், நான்கு சுற்று முடிய ஆறு வாரம் பிடித்தது. ஆனால் மூன்று லாட்டும் ஒரே நாளில் ஓடுவதால் சுற்றுகளுக்கு நடுவே எத்தனை நாள் போனாலும் ஒப்பீடு கெடாது, நாளின் வித்தியாசத்தைக் கணக்கு தனியாகக் கழித்துக்கொள்ளும். இப்படி ஒரே நாளில் ஓடியவற்றை ஒரு தொகுதியாகப் பிரிப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு வேடிக்கை. அளப்பவருக்கு எது எந்த சாஃப்ட்னர் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் கை தானாக ஸ்கேலை இழுக்கும். லேபில் ஒரு மொரீஷியஸ் தமிழ்ப் பெண் இருந்தாள். வீட்டில் கிரியோல் மொழிதான், தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது. "அண்ணா, தமிழ் நம்பர் எழுதலாமா?" என்று கேட்டு, துண்டுகளில் ௧, ௨, ௩ என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். இந்த நாட்டு ரூபாய் நோட்டிலேயே தமிழ் எண்கள் அச்சாகியிருக்கின்றன, அவளுக்கு அது புதிதல்ல. வங்கதேசத்துப் பையன்களுக்குப் புரியவில்லை என்றால் சரி, திருப்பூரிலிருந்து வந்த எங்கள் பையன்கள் நாலு பேரும் அதைப் பார்த்து "இது என்ன கோடு?" என்றார்களே, அதுதான் கொடுமை. ரகசியக் குறியீட்டுக்கு இதைவிட நல்ல எழுத்து எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இந்த முறை துண்டுகளின் சராசரியை எடுத்து, லாட்டுக்கு ஒரே எண்ணாக வைத்தேன். பழைய சாஃப்ட்னர்: 5.2, 6.1, 4.8, 5.5. புதியதில் முதலாவது: 4.6, 5.9, 5.0, 4.9. இரண்டாவது: 4.9, 5.2, 4.7, 5.2. சராசரிகள் 5.4, 5.1, 5.0. பார்த்தால் இறங்குகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் F வெறும் 2.05. மூன்று சாஃப்ட்னர், நான்கு சுற்றுக்கு அட்டவணை கேட்பது 5.14.

சுற்றுகளுக்கான F 5.97, அங்கே தேவை 4.76. அதாவது எந்த சாஃப்ட்னர் என்பதைவிட எந்த நாள் என்பதுதான் துணியைச் சுருக்கியிருக்கிறது. இரண்டாவது சுற்று மட்டும் 5.7-இல் நின்றது. ரிஜிஸ்டரைப் புரட்டினால், அன்றைக்குக் காம்பேக்டிங்கில் வழக்கமான ஆள் லீவு, மாற்று ஆள் ஓவர்ஃபீடைக் குறைத்து ஓட்டியிருக்கிறார். ஒரு சுற்றை வைத்து அவர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. முதல் தடவை போட்ட கணக்கில் இந்த மாதிரி நாளின் வித்தியாசம் சாஃப்ட்னருக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்தது.

மேலாளரிடம் போனேன். அவரும் கோவைப் பக்கம்தான்.

"அப்ப புதுசு வேலை செய்யலையா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க சார். நாலு சுற்றுல, சராசரிகளுக்கு நடுவுல அரை சதவீதமாவது இருந்தாத்தான் நம்ம கணக்குக்குக் கண்ணு தெரியும். இங்க இருக்கறது 0.4."

"0.4 குறைஞ்சாலே நாம பையர் எல்லைக்குள்ள வந்துருவமே."

அதுவும் சரிதான். 50 செ.மீ.யில் 2 மில்லிமீட்டர், அதில்தான் ஒரு ஆர்டர் நிற்கிறது. இன்னும் சில சுற்று ஓட்டினால் தெரிந்துவிடும் என்றேன். எத்தனை லாட் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலில் அந்தக் காம்பேக்டிங் ஓவர்ஃபீடை யார் ஓட்டினாலும் ஒரே அளவில் பூட்டி வை, அதற்கப்புறம் வா என்றார்.

பூட்டினோம். மே மாதம் ஐந்தாவது சுற்றுக்கு லாட் கிடைத்தது, அந்தப் பெண் மார்க்கரோடு வந்து நின்றாள்.