இருநூறு நிமிடங்களும் பதின்மூன்று பேரும்

கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் ஆட்டம் 40 நிமிடம். களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் நிற்க முடியும் என்பதால், பயிற்சியாளர் பங்கிட்டுக் கொடுக்க மொத்தம் 200 நிமிடங்கள் இருக்கின்றன. ஆட்டம் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனாலொழிய அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடைக்காது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், தேசியத் தொலைக்காட்சியில் எப்போதாவது தலைகாட்டும் முதல் பிரிவுக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் அணியில், நான் முதலில் பட்டதாரி உதவியாளராகவும் பிறகு உதவிப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தேன். ஓர் அணியில் 13 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ-வின் அப்போதைய விதி. அந்தப் பதின்மூன்று பேரில் பத்துப் பேராவது எங்கள் தரத்திலுள்ள எந்த அணிக்கும் முதல் ஐவரில் ஒருவராக ஆடத் தகுதியுள்ளவர்களாக அமைந்த ஒரு பருவத்தில், ஆட்ட நேர அட்டையைத் தயாரிப்பதும், ஆட்டத்தின்போது தலைமைப் பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து அதை நடத்திக் கொடுப்பதும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. எங்களைக் கண்டு பொறாமைப்பட்டவர்கள் பலர். அவர்களில் யாரும் அந்த அட்டையை எழுதிப் பார்த்தவர்கள் அல்லர்.

இருநூற்றைப் பதின்மூன்றால் வகுத்தால் ஆளுக்குப் பதினைந்து நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். அப்படிப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெற்றியையும் எதிர்பார்க்க முடியாது என்பது ஆடுபவர்களுக்கே தெரியும். வழக்கமான கணக்கு வேறு: முதல் ஐவருக்குத் தலா 28 நிமிடம் என்றால் 140 போய்விடும், மீதி அறுபதை நான்கு மாற்று ஆட்டக்காரர்களுக்குப் பதினைந்து பதினைந்தாகக் கொடுக்கலாம், எஞ்சிய நால்வருக்கு ஒன்றும் இல்லை. அந்த நால்வரும் வாரம் முழுவதும் பயிற்சியில் எதிரணியின் ஆட்டமுறையை அப்படியே நடித்துக் காட்டி, வியர்த்து, வீடியோ பார்த்து, விமானத்திலும் பேருந்திலும் எல்லாரோடும் பயணம் செய்து, ஆட்டம் முடிந்தபின் புள்ளிவிவரத் தாளில் தங்கள் பெயருக்கு எதிரே சுழியத்தைப் பார்ப்பவர்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனாலும் என் அனுபவத்தில் பெரிய சிக்கல் அவர்களிடமிருந்து வரவில்லை. எட்டு நிமிடமா பதினெட்டு நிமிடமா என்று தெரியாமல் இருந்த நடுவரிசையிலிருந்துதான் வந்தது.

இந்த இடத்தில் எல்லாரும் எண்களை நம்பச் சொல்வார்கள். எந்த ஐவர் சேர்ந்து ஆடும்போது அணி எத்தனை புள்ளி கூடுதலாக எடுக்கிறது, எத்தனை இழக்கிறது என்ற கணக்கு எங்களிடமும் இருந்தது. அதை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தொகுத்தவனே நான்தான். ஆனால் பத்துப் பேரிலிருந்து ஐவரைத் தேர்ந்தெடுக்க 252 வழிகள் உள்ளன. முப்பது ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தின் 1200 நிமிடங்களையும் அவற்றுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரு கூட்டணிக்கு ஐந்து நிமிடம்கூடத் தேறாது. அந்த ஐந்து நிமிடத்தில் எதிரணிக்காரர் தடுப்பாரே இல்லாமல் எறிந்த மூன்று பந்துகள் வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தால், நம்முடைய தடுப்பாட்டம் பிரமாதம் என்று தாள் சொல்லும். ஆட்கள் குறைவாக உள்ள அணிக்கு இந்தக் கணக்கு ஓரளவு உதவும், ஏனென்றால் அங்கே சில கூட்டணிகளே திரும்பத் திரும்ப ஆடுகின்றன. ஆள்பலம் கூடக்கூட ஒவ்வொரு கூட்டணியைப் பற்றியும் நமக்குத் தெரிவது குறைந்துகொண்டே போகிறது என்பதைத் தலைமைப் பயிற்சியாளருக்கு விளங்கவைக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அட்டை எளிமையானது. தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களில் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே இறங்கியபின் ஆட்டம் முதன்முறை நிற்கும்போது விளம்பர இடைவேளை விடுவார்கள். அந்த நான்கு இடைவேளைகள் இருபது நிமிடத்தை ஏறக்குறைய ஐந்து துண்டுகளாக்குகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஐந்து சட்டை எண்கள், ஓரத்தில் ஃபவுல்களைக் குறிக்கச் சிறு இடம். அட்டையின் மேல் பிளாஸ்டிக் உறை, அழித்து எழுதப் பேனா. தொடக்கத்தில் இது பயிற்சியாளர்களுக்குள் மட்டுமே இருந்தது. மாற்றாக இறங்குபவர் தன் பெயர் கூப்பிடப்படும்வரை பெஞ்சின் ஓரத்தில் தலைமைப் பயிற்சியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டதும் மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்கோரர் மேசைக்கு முன்னால் போய் மண்டியிட வேண்டும். ஆட்டம் நின்று, ஹாரன் ஒலித்து, நடுவர் கையசைத்தால்தான் உள்ளே போகலாம். சில சமயம் இரண்டு நிமிடம்கூட ஆட்டம் நிற்காமல் ஓடும். அதுவரை உட்கார்ந்திருந்து குளிர்ந்துபோன கால்களோடு அவர் இறங்குவார், முதல் பந்தையே தவறவிடுவார், அடுத்த இடைவேளையில் வெளியே வந்துவிடுவார். அவர் தகுதி அவ்வளவுதான் என்று நாங்களும் நினைத்துக்கொள்வோம்.

பருவத்தின் நடுவில் அட்டையின் முதல் பாதியை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே அணிக்குக் காட்டுவது என்று முடிவானது. இரண்டாம் பாதி ஆட்டத்தின் போக்கைப் பொறுத்தது. ஆனால் முதல் பாதியில் யார் எந்த இடைவேளையில் இறங்குவார், குறைந்தது எதுவரை நிற்பார் என்பது உறுதி. நடுவரிசைக்காரர்களின் நிமிடங்கள் கூடவில்லை, இருவருக்குக் குறைந்தும்விட்டது. முணுமுணுப்பு மட்டும் ஏறக்குறைய நின்றுபோனது. கல்யாண வீட்டில் தனக்கு எந்தப் பந்தியில் இலை என்று தெரிந்தவர் பசியைப் பொறுத்துக்கொள்வார்; தெரியாதவர்தான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பார். இறங்க வேண்டிய இடைவேளைக்கு முன்பே அவர்கள் பெஞ்சுக்குப் பின்னால் போய்க் கால்களைச் சூடேற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். முதல் எறிதல் தவறினாலும் முகத்தைத் திருப்பிப் பெஞ்சைப் பார்க்காமல் தடுப்பாட்டத்துக்கு ஓடினார்கள்.

இந்த உறுதியின் மதிப்பை வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித் எங்களுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார். அவருடைய ஆட்டக்காரர் களைத்துப்போனால் விரல்களை மடக்கிய கையை உயர்த்திக் காட்டுவார்; உடனே மாற்று இறங்குவார். முக்கியமான விதி அதற்கு அடுத்தது: தானாகக் கேட்டு வெளியே வந்தவர், களைப்பு நீங்கியதும் தானாகவே சொல்லி உள்ளே திரும்பலாம். இந்த இரண்டாம் பகுதி இல்லாமல் முதல் பகுதியை மட்டும் பின்பற்றும் அணிகளில் யாரும் கையை உயர்த்துவதில்லை, ஏனென்றால் வெளியே போனால் இடம் போய்விடும் என்ற பயம். எங்கள் அணியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிரணிக்காரரைத் துரத்த முடியாமல் நிற்பார்களே தவிர, கையைத் தூக்க மாட்டார்கள். ஸ்மித் தன் பின்வரிசை ஐவரை நீல அணி என்ற பெயரில் ஒருசேர இறக்கிச் சில நிமிடங்கள் ஆடவிடுவார் என்பதும் பயிற்சியாளர்களிடையே பெயர்பெற்ற வழக்கம். தங்கள் நேரம் எது என்பது அந்த ஐவருக்கும் தெரிந்திருந்தது.

ஆள்பலத்தால் வரும் ஒரு சோம்பலையும் சொல்ல வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். முதல் பாதியில் ஒருவர் இரண்டு ஃபவுல் செய்துவிட்டால் பாதி முடியும்வரை அவரை உட்காரவைப்பது பழைய பழக்கம். பின்னால் இழக்கக்கூடும் என்று அஞ்சும் நிமிடங்களை இப்போதே கையால் எடுத்து வீசுவது எப்படிச் சேமிப்பாகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாற்று ஆள் நல்லவராக இருந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதுகூட இல்லை.

ஆள்பலத்தைப் பற்றிப் பேசும் எவரும் 2014-15 கென்டக்கி பல்கலைக்கழக அணியைத் தாண்டிப் போக முடியாது. பயிற்சியாளர் ஜான் கலிபாரியிடம் அந்த ஆண்டு இருந்தவர்களை இரண்டு முழு ஐவர் அணிகளாகப் பிரிக்க முடிந்தது. பருவத்தின் தொடக்கத்தில் அவர் அப்படியே பிரித்து, ஐவரை எடுத்து ஐவரை இறக்கினார். நவம்பரில் கேன்சஸ் அணியை 72-40 என்று நசுக்கினார்கள். டிசம்பரில் அலெக்ஸ் பாய்த்ரஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தபின் இரண்டு ஐவர் அணிகள் என்ற திட்டம் ஒன்பது பேர் சுழற்சியாக மாறியது. ஆனாலும் யாருக்கும் சராசரியாக முப்பது நிமிடம் எட்டவில்லை. அடுத்த கோடையில் தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட கார்ல்-ஆந்தனி டவுன்ஸும், பின்னாளில் பெரிய நட்சத்திரமான டெவின் புக்கரும் ஆட்டத்துக்கு இருபத்தொரு நிமிடம் அளவிலேயே ஆடினார்கள். புக்கர் ஓர் ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இல்லை. 38 ஆட்டங்களில் 38 வெற்றி. பிறகு 2015 ஏப்ரல் 4 அன்று இண்டியானாபொலிஸில், தேசியப் போட்டியின் அரையிறுதியில், விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றார்கள். கடைசிக் கட்டத்தில், பந்தை எறிந்தாக வேண்டிய கால வரம்பான, அப்போது 35 வினாடியாக இருந்த ஷாட் கிளாக்குக்குள் எறியவே முடியாமல், தொடர்ந்து மூன்று முறை பந்தை இழந்தார்கள்.

நிமிடங்களைப் பங்கிட்டதால்தான் தோற்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஆட்டத்திலிருந்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வருவது தவறு. ஆனால் அந்த ஆட்டத்தின் வீடியோவை வேலையின் பொருட்டுப் பலமுறை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எதிரணிகளை இருபது, முப்பது புள்ளிகளில் வென்றுகொண்டிருந்த அணிக்கு, கடைசி ஐந்து நிமிடத்தில் பந்து யாருடைய கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடைகாணும் கட்டாயம் போதுமான அளவு வரவில்லை. இரண்டு நாள் கழித்து அதே அரங்கில் விஸ்கான்சினை 68-63 என்று வென்று கோப்பையை எடுத்த டியூக் அணியில், ஒருவரை ஜனவரியில் நீக்கியபின், உதவித்தொகை பெற்றவர்கள் எட்டே பேர். பருவம் முழுவதும் ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடம் அளவில் ஆடிய முதலாண்டு மாணவர் கிரேசன் ஆலன் அன்று பெஞ்சிலிருந்து வந்து 16 புள்ளிகள் எடுத்தார். எட்டுப் பேர் அணியில் எட்டாமவர்கூடத் தன் முறை வந்தே தீரும் என்று தெரிந்துதான் பயிற்சி செய்கிறார்.

முற்றிலும் வேறு வழியும் உண்டு. அயோவா மாநிலத்தின் கிரினெல் கல்லூரி உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அங்கே டேவிட் ஆர்செனோ நிறையப் பேர் ஆட வேண்டும் என்பதற்காகவே ஒரு முறையை வகுத்தார்: ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடித் தீர்த்துவிட்டு ஐவரும் வெளியேற, அடுத்த ஐவர் இறங்குவார்கள். எல்லாருக்கும் பங்கு கொடுக்கப் பிறந்த அந்த முறையிலேயேதான் 2012 நவம்பரில் ஜாக் டெய்லர் 36 நிமிடம் ஆடி, 108 முறை எறிந்து, 138 புள்ளிகள் எடுத்தார் என்பது வேடிக்கை.

எங்கள் அணியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: முதல் முப்பத்தைந்து நிமிடங்களைப் பரவலாகப் பங்கிடுவது, கடைசி ஐந்து நிமிடங்களைப் பங்கிடாமல் இருப்பது. முடிக்கும் ஐவர் யார் என்பதை ஜனவரிக்குள் முடிவுசெய்து, புள்ளி வித்தியாசம் எதுவாக இருந்தாலும் அவர்களையே சேர்த்து ஆடவைத்தோம். அந்த ஐவரில் இருவர் தொடக்க ஐவரில் இல்லாதவர்கள். ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு முடிக்கும்போது பெஞ்சில் இருந்த இருவருக்கு இது கசந்தது. அவர்களில் ஒருவர் என் அறைக்கு வந்து, கோச், என் அப்பா வீட்டில் தொலைக்காட்சியில் முடிவைத்தான் பார்க்கிறார், தொடக்கத்தை இல்லை என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, தடுப்பாட்டத்தில் அவர் எங்கே பின்தங்குகிறார் என்பதற்கான வீடியோவைத் தவிர. அதைச் சேர்ந்து பார்த்தோம்.

அந்தப் பருவம் முடிந்ததும் நடுவரிசையில் பெரும்பாலானவர்கள் கல்லூரி மாற விரும்புபவர்கள் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் கல்லூரி மாறுபவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் முதல் மாற்றத்துக்கு அந்தத் தடை நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. ஆடாதவரின் பெயருக்குச் சந்தையில் மதிப்பில்லை. முதலாண்டு மாணவரை ஓராண்டு ஆடவிடாமல் வளர்த்தெடுக்கும் ரெட்ஷர்ட் ஏற்பாட்டைப் பற்றி இப்போது பேச்செடுத்தாலே பெற்றோர் வேறு கல்லூரிகளை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அடுத்த பருவத்தில் தலைமைப் பயிற்சியாளர் பதின்மூன்று உதவித்தொகைகளில் இரண்டை வேண்டுமென்றே காலியாக வைத்தார். பெஞ்சில் அமைதி வந்தது. பயிற்சியில் ஐவருக்கு ஐவர் ஆட ஆள் போதவில்லை. பிப்ரவரியில் இருவர் காய்ச்சலில் படுத்தபோது, எதிரணியின் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக, நடித்து இருபது வயதுக்காரர்களைத் துரத்தும் வேலை எனக்கும் அணி மேலாளருக்கும் வந்து சேர்ந்தது.