கூட்டம் சேர்க்காமல் வளர்ந்த ஞாயிறு நடை

பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போகும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏரி நடையில் இப்போதைக்கு இடமில்லை என்று சொன்னால் சில பெற்றோர் முகம் வாடிப்போகிறார்கள். திறந்த வெளிதானே, கட்டணமும் வாங்குவதில்லை, இன்னும் நாலு பிள்ளைகள் வந்தால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்சென்னையில் பெரும்பாக்கம் ஏரிக்கரையில் இதைத் தொடங்கியபோது எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் மட்டும்தான் வந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பைனாகுலர், ஆளுக்கொரு நோட்டு, அவ்வளவுதான். அப்புறம் வாட்ஸ்அப்பில் படங்கள் போகப் போக அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று ஆட்கள் சேர்ந்து, ஒரு மார்கழி மாதம் ஏரிக்கரையே பள்ளிச் சுற்றுலா வந்ததுபோல ஆகிவிட்டது. முன்னால் நிற்கும் பிள்ளை பறவையைப் பார்க்கும், பின்னால் நிற்கும் பிள்ளை முன்னால் நிற்பவனின் பையைப் பார்க்கும், இந்தச் சத்தத்தில் புள்ளிமூக்கு வாத்துகள் எல்லாம் எழும்பி அக்கரைக்குப் போய்விடும்.

அதனால் பிரித்தோம். ஒரு குழுவுக்கு எட்டுப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். ஒன்பதாவது பிள்ளை காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்கள் நாலைந்து பேர் ஆனதும் பழைய குழுவிலிருந்து ஒரு அம்மாவோ அப்பாவோ அவர்களோடு போய்ப் புதுக் குழு தொடங்குவார். இப்படியே சித்தாலப்பாக்கம், மேடவாக்கம் என்று போய், ஏரியே இல்லாத ஒரு தெருவில் மொட்டை மாடியிலிருந்து பார்க்கும் குழுவும் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது பஞ்சுருட்டானும் கரிச்சானும் தவிட்டுக்குருவியும்தான், ஆனால் அந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், நாங்கள் வாரம் ஒரு முறைதான்.

எட்டுப் பேர் என்றால் என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் புரியும். நாமக்கோழியும் தாழைக்கோழியும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே கருப்பாகத் தெரியும். ஒன்றுக்கு நெற்றி வெள்ளை, இன்னொன்றுக்குச் சிவப்பு. இதை நாங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை. ரெண்டும் வேற வேற என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்போம். பத்து நிமிஷம் ஆகும், சில நேரம் அடுத்த வாரம்கூட ஆகும், ஆனால் ஒரு பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்து மற்றவர்களை இழுத்துக்கொண்டு வந்து காட்டும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். முப்பது பேர் கூட்டத்தில் இதற்கு நேரம் இருக்காது. யாராவது ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த பறவைக்குப் போக வேண்டியதுதான்.

நீளவால் இலைக்கோழியைப் பார்த்த அன்று, அதில் பெண் முட்டையிட்டதோடு போய்விடும், அடைகாத்துக் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது அப்பாதான் என்று சொன்னேன். "அப்போ அம்மா ஆபீஸ் போயிடுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அன்றைக்கு வேறு எந்தப் பறவையையும் யாரும் பார்க்கவில்லை, பேச்சு முழுக்க அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பக்கம் வெள்ளம் புகுந்ததை இந்தப் பிள்ளைகள் நேரில் பார்த்தவர்கள். இந்த ஏரித் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடைசியில் கடல் என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினோம். பள்ளிக்கரணைக்கு 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது பாடமாகப் படித்தால் ஒரு வரி. சதுப்புநிலத்தில் எந்த இடத்தில் கட்டடம் வந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குத் திரும்பும் என்று பத்து வயதுப் பையன் கேட்கும்போதுதான் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் கிடைக்கிறது.

ஆகவே எங்களுக்குக் குறைவாக இருப்பது இடம் இல்லை, பெரியவர்கள்தான். பறவை நிபுணர் வேண்டும் என்று யாரும் தயங்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பறவைகளை அறிமுகப்படுத்தும் ஏர்லி பேர்ட் திட்டம் தமிழிலேயே பறவைப் படங்களோடு தந்திருப்பதை வைத்துத்தான் நாங்களும் கற்றுக்கொண்டோம். காலை ஆறு மணிக்கு எழுந்து வரவும், தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லவும் முடிந்தால் போதும்.

தொடங்க நல்ல சமயம் பொங்கல். 2015இலிருந்து பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிஷமாவது ஓரிடத்தில் பார்த்து, பார்த்ததை எல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயே செய்யலாம், தாத்தா வீட்டுக் கொல்லையிலிருந்துகூட. தென்சென்னையில் இருந்துகொண்டு உங்கள் தெருவிலேயே ஒரு குழு தொடங்க நினைப்பவர்கள் எழுதுங்கள், முதல் சில ஞாயிறுகள் எங்களில் ஒருவர் கூடவே வருவோம், பைனாகுலரும் கொண்டு வருவோம்.