மோர் மிளகாயும் 1993 மார்ச் முதல் தேதியும்

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை ராத்திரி நான் அணைத்துவிட்டுப் படுத்தால் பகலில் அது தானாக எழுந்துகொள்கிற ஸ்டோர் ரூம் மர்மம் ஒரு வழியாக விலகிவிட்டது. சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. வீட்டுக்காரர் விஷயம் தெரிந்த உடனே சிரித்துவிட்டார். ஆகவே கோபப்படும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

சிஸ்கோ கம்பெனி நடத்தும் எனார்சி என்ற நெட்வொர்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதன் ஜோடிப் பரீட்சையான என்கோர் முடிந்துவிட்டது. 120 நிமிடம், 400 டாலர், அதைப் பற்றி இனிப் பேச்சில்லை. பாக்கியிருப்பது 300-410 என்ற எண்ணுள்ள இந்த எனார்சிதான். இதற்கு 90 நிமிடம், 300 டாலர். இரண்டும் தேறினால் சிசிஎன்பி என்ற சான்றிதழ். அதுவும் மூன்று வருடத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இந்த 300 டாலரை வெள்ளியில், அதாவது மலேசிய ரிங்கிட்டில், மாற்றிச் சொன்னால் அத்தைக்கு (வீட்டுக்காரரின் அம்மா) அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் வீட்டில் டாலரிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். "முந்நூறுதானேம்மா, கட்டிடு" என்றார்கள். ஆமாம் அத்தை, முந்நூறுதான்.

படிக்க நேரம் எங்கே இருக்கிறது? காலையில் கோலாலம்பூரின் செந்தூல் பாராட்டில் எம்ஆர்டி ரயில் ஏறினால் சைபர்ஜெயா போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் பாதியை வாட்ஸ்அப் தின்றுவிடும். மீதியில் புத்தகத்தைத் திறந்தால், எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று கண்டுபிடிப்பதற்குள் "நெக்ஸ்ட் ஸ்டேஷன்" என்று அந்த அம்மா அறிவித்துவிடுவார். ஆபீசில் படிக்கலாமே என்பீர்கள். நெட்வொர்க் ஆபரேஷன்ஸில் இருக்கிறவள் மேசையில் நெட்வொர்க் புத்தகத்தைப் பார்த்தால் மேனேஜர் முகம் மாறுகிறது. வேலை தேடுகிறாளோ என்று சந்தேகம். சமையல் புத்தகம் வைத்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஆக மிச்சமிருப்பது இரவு. பத்து மணிக்கு மேல், ஸ்டோர் ரூம், ஏதோ ஓர் ஆபீஸ் காலி செய்தபோது கழித்துக் கட்டிய இரண்டு சிஸ்கோ 3750 ஸ்விட்ச். எல்லாவற்றையும் லேப்டாப்பிலேயே, ஈவ்-என்ஜி என்ற பாவனை மென்பொருளில் ஓட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் கேபிளைக் கையால் பிடுங்கிப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஸ்விட்ச் வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் சத்தம் தெரிந்தது. போட்டவுடன் ஃபேன் போடுகிற கூச்சலில், கீழ் மாடி அங்கிள் லிஃப்டில் பார்த்து, "மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர். கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

அத்தைக்கும் இந்தப் படிப்பு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. "ராத்திரி கண்ணு முழிச்சு அப்படி என்னதாம்மா படிக்கிறே? அதான் வேலை இருக்குல்ல?" என்று தினமும் ஒரு தடவை. ஒருநாள் உட்கார வைத்து ஓஎஸ்பிஎஃப், அதாவது ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை, சொல்லிக் கொடுத்தேன். கோயில் கமிட்டியை வைத்து. ஒரே நெட்வொர்க்கில் பல ரௌட்டர் இருந்தால் ஒன்று தலைவர், டிஆர். இன்னொன்று துணைத் தலைவர், பிடிஆர். மற்றவர்கள் ஆளாளுக்குப் பேசிக் குழப்பாமல் இவர்களிடம் சொன்னால் போதும். பிரயாரிட்டி அதிகமுள்ளவர் தலைவர், சமமாக இருந்தால் ரௌட்டர் ஐடி பெரியவர். ஆனால் தேர்தல் முடிந்த பிறகு இவரைவிடப் பெரிய பிரயாரிட்டியோடு ஒருத்தர் உள்ளே வந்தாலும், இருக்கிறவர் நாற்காலியை விட மாட்டார்.

"நம்ம கோயில்ல மாதிரியே" என்றார்கள் அத்தை.

"சரி, தலைவர் திடீர்னு விழுந்துட்டா யார் வருவா? புதுசா வந்த பெரிய ஆளா?" என்று கேட்டேன்.

"அது எப்படி? துணைத் தலைவர்தான் மேல ஏறுவாரு. பெரிய ஆளுக்கு வேணும்னா துணைத் தலைவர் பதவி குடுப்பாங்க. வாயை அடைக்கணும்ல."

நூற்றுக்கு நூறு சரி. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதே கேள்வியில் இரண்டு தரம் தப்பாகச் சொன்னார். அவர் எந்தக் கோயில் கமிட்டியிலும் இருந்ததில்லை.

சரி, மர்மத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு ராத்திரி ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு முறை அறிந்த வழிகளை இன்னொரு முறைக்குச் சொல்வது, போட உட்கார்ந்தேன். ஓஎஸ்பிஎஃப்பையும் ஈஐஜிஆர்பி என்ற இன்னொரு முறையையும் இரண்டு இடத்தில் கோத்துவிட்டு, இந்தப் பக்கம் போன ரூட் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு திரும்பி வருவதைத் தடுக்க வேண்டும். பழக்க தோஷத்தில் முதலில், ஸ்விட்சின் நிலவரம் கேட்கும் ஷோ வெர்ஷன் கட்டளையை அடித்தேன். அப்டைம், அதாவது விழித்திருக்கும் நேரம், 5 மணி 40 நிமிடம்.

முதல் நாள் ராத்திரி நானே பிளக்கை அணைத்துவிட்டுத்தான் படுத்தேன். இது எப்போது எழுந்தது?

ஷோ லாகிங் போட்டு ஸ்விட்ச் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைப் பார்த்தேன். எல்லா வரியும் மார்ச் 1 என்கிறது. இந்த ஸ்விட்சுக்குள் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. நேரத்தை யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் அதற்கு 1993 மார்ச் முதல் தேதி, நள்ளிரவு. கடைசியாக ஏன் நின்றாய் என்று கேட்டால் "பவர்-ஆன்" என்கிறது. அதாவது யாரோ பிளக்கைப் போட்டிருக்கிறார்கள், அல்லது கரண்ட் போய் வந்திருக்கிறது, அல்லது பழைய பவர் சப்ளை சாகக் கிடக்கிறது.

"உன் மெஷினுக்குப் பேய் புடிச்சிருச்சு லா" என்றார் வீட்டுக்காரர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அத்தை, பகல்ல கரண்ட் போச்சா?"

"இல்லையேம்மா." வெங்காயம் உரிக்கிற கை நிற்கவே இல்லை. அந்த நிதானத்தை இப்போது நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

நான் விடுகிற ஜாதியா? சம்பளமே இதற்குத்தானே வாங்குகிறேன். ராஸ்ப்பெர்ரி பை என்கிற பழைய குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி வீட்டு ரௌட்டரில் மாட்டி, ஸ்விட்ச் சொல்வதையெல்லாம் அதில் எழுத வைத்தேன். ஸ்விட்சுக்கு நேரம் தெரியாவிட்டால் என்ன, செய்தி வந்து சேரும் நேரத்தைப் பை குறித்துக்கொள்ளும். மறுநாள் ஆபீசில் பி1 டிக்கெட் என்கிற படு அவசரப் புகார் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு கிளை முழுக்கப் படுத்துவிட்டது, எல்லோரும் ஒரே கான்ஃபரன்ஸ் காலில் ஒருவர்மேல் ஒருவர் பேசுகிறார்கள். நான் ஓரமாகக் கம்ப்யூட்டரில் இன்னொரு ஜன்னலில், பை எழுதி வைக்கும் வீட்டு சிஸ்லாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தே காலுக்கு "சிஸ்டம் ரீஸ்டார்ட்டட்". மூன்றரைக்கு அமைதி. அதற்கடுத்த நாளும் பத்தே கால். பவர் சப்ளைக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது. பத்து மணிக்கு அத்தை பார்க்கும் சீரியல் முடிகிறது என்பது அந்த நிமிடம் என் புத்தியில் படவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள் வந்தது. பத்தே காலுக்கு ஃபேன் கூச்சல் கேட்டது. ஓடிப்போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால், இரண்டு ஸ்விட்சுக்கும் பின்னால், சூடான காற்று வெளியே வரும் வாய்க்கு நேராக, பழைய பிஸ்கட் டின் இரண்டைக் கவிழ்த்து, அதன் மேல் முறம். முறத்தில் நியூஸ்பேப்பர், பேப்பரில் நடுவே கீறிய பச்சை மிளகாய், தயிர் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, காம்பெல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வரிசையாக. பக்கத்தில் அத்தை, ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டு.

"மேல வைக்கலம்மா, ஈரம் சொட்டும். பின்னாடிதான் வெச்சேன்."

முதல் வாதமே இதுதான். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பாவம், அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பால்கனிக்கு எதிர் பிளாக் குறுக்கே நிற்கிறது. காலையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும், மூன்று மணியானால் வானம் பொத்துக்கொள்ளும். மோர் மிளகாய்க்கு இது ஆகாது. பகலெல்லாம் காய வேண்டும், ராத்திரி திரும்ப மோரில் ஊற வேண்டும், மோர் தீருகிற வரைக்கும் இப்படி. ஒரு பகல் காயாவிட்டாலும் பூசணம். போன தடவை செய்ததை அப்படியே குப்பையில் கொட்டினார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைக்கிற மோர் மிளகாயைக் கடித்துவிட்டு, "அம்மா கை வராது" என்று வீட்டுக்காரர் வேறு உசுப்பேற்றி வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அவர்தான். சிரிப்பு மட்டும் அவருக்கு.

"பிளக்கைப் போட்டவுடனே வைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே. மொதல்ல ஒரு கத்து கத்தும். அப்புறம் அடங்கும். இந்த ஓரத்து லைட்டு பச்சையா மினுக்கிக்கிட்டே இருக்கும், அது நின்னு எரிஞ்சாத்தான் மெஷினு ரெடி. அதுக்கப்புறம் இந்தக் கேபிள் லைட்டு ஆரஞ்சா எரியும். அரை நிமிஷம். அது பச்சையானதும் வைப்பேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த அரை நிமிடம் ஸ்பேனிங் ட்ரீ. 15 விநாடி காது கொடுத்துக் கேட்கும், 15 விநாடி கற்றுக்கொள்ளும், அப்புறம்தான் வழியைத் திறக்கும். எங்கள் ஆபீசுக்கு வருகிற பயிற்சிப் பிள்ளைகள் ஆரஞ்சு விளக்கைப் பார்த்தவுடன் கேபிள் கெட்டுவிட்டது என்று பிடுங்கிவிடுவார்கள். இந்த அம்மா மிளகாய் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைக்காகக் காத்து நின்றிருக்கிறார்கள்.

"ஏம்மா அரை நிமிஷம்? ஒடனே எரிஞ்சா என்னவாம்?"

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். கேபிள் நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் போகிற ஃப்ரேம் என்கிற தகவல் பொட்டலத்துக்கு ஆயுசு என்று ஒரு கணக்கு இல்லை. வழி வட்டமாக இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டே போகும், கடைசியில் எல்லாம் படுத்துவிடும். எங்கள் ஆபீஸ் மீட்டிங் ரூமில் தொங்கிய கேபிளை யாரோ புண்ணியவான் அழகாக இருக்கட்டும் என்று அதே குட்டி ஸ்விட்சிலேயே இரண்டாவது முனையையும் செருகி வைத்து, ஒரு தளமே அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்தக் குட்டி ஸ்விட்சுக்கு ஸ்பேனிங் ட்ரீ தெரியாது. தெரிந்த ஸ்விட்ச், எங்கேயாவது வட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இருந்தால் ஒரு பக்கத்தை அடைத்துவிடும். இதை 1985-இல் கண்டுபிடித்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி என்றேன்.

"பொம்பளையா?" அத்தை ஒரு மிளகாயைப் புரட்டினார்கள். "அதான் பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்கு."

கோபப்பட வந்தவள் நான். கடமைக்கு ஷோ என்விரான்மென்ட் அடித்துப் பார்த்தேன். ஃபேன் ஓகே, டெம்பரேச்சர் ஓகே. அதற்கு மேல் எந்த முகத்தோடு சண்டை போடுவது? கரண்ட் பில் வரட்டும், அப்போது போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஆனால் இதன் பின்விளைவுதான் தாங்க முடியவில்லை. மிளகாய் அருமையாகக் காய்ந்துவிட்டது. பொரித்தால் அப்படி ஒரு நொறுங்கல். கீழ் மாடி அங்கிளுக்கு ஒரு பாட்டில் போனது, மாவு மில் பற்றி அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. எதிர்வீட்டு ஆண்ட்டி தன் பங்குக்கு ஒரு கிலோ மிளகாயைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பிவிட்டார். பகல் மட்டும் இனிப் பத்தாது. நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் களைப்பாகச் சோபாவில் சாய்ந்தேன். "போதும்மா, தூங்கு" என்று இத்தனை நாள் சொன்ன அதே அத்தை வந்து நிற்கிறார்கள்.

"என்னம்மா, இன்னைக்குப் படிக்கலையா?"

"அசதியா இருக்கு அத்தை. நாளைக்குப் படிக்கிறேன்."

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைங்க ஃபெயிலாகுதுங்க. போ, போய் மெஷினைப் போடு. நான் தே ஓ கலக்கிக் கொண்டு வர்றேன்." தே ஓ என்றால் பால் இல்லாத டீ.

தே ஓ வந்தது. பின்னாலேயே முறமும் வந்தது. நான் டிஎம்விபிஎன் என்ற பாடத்தைப் படிக்க, அவர்கள் புரட்டிப் போட, மணி பன்னிரண்டு. மிளகாயும் தயிரும் சேர்ந்த வாடையில் யாராவது விஆர்எஃப் பாடம் படித்திருக்கிறீர்களா? கண்ணில் தண்ணீர் வரும். பாடத்தாலா மிளகாயாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"பரீட்சை முடிஞ்சா இந்த மெஷினை என்ன பண்ணுவே?" என்று மெதுவாக ஆரம்பித்தார்கள்.

"வித்துடுவேன் அத்தை. இடத்தை அடைக்குது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இதுக்கு மேல படிப்பு ஒண்ணும் இல்லையா?"

இருக்கிறது, சிசிஐஇ என்று ஒன்று, 1993-லிருந்து நடக்கிறது, தேறினால் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுப்பார்கள், கட்டணம் டாலரிலேயே நாலு இலக்கம், அதெல்லாம் நமக்கு வேண்டாம் என்றேன். சும்மா இருந்திருக்கலாம். லேப் பரீட்சை மட்டும் எட்டு மணி நேரம், அதற்குத் தினமும் வீட்டில் மெஷினை எட்டு மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று பயமுறுத்துவதாக நினைத்துச் சேர்த்துச் சொன்னேன்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

"எட்டு மணி நேரமா? அப்ப வடகமே போடலாமே!"