அப்பாவின் எட்டு

பார்க்கின்சன் என்ற, அசைவை மெதுவாக்கி உடம்பை இறுக்குகிற மூளை நோய் வந்தவருக்கு ஓய்வுதான் நல்லது என்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரெல்லாம் சொல்கிறார்கள், சரி, பாசத்தில்தான், ஆனால் சும்மா இருக்க இருக்க உடம்பு இன்னும் இறுகும்.

எங்கள் அப்பாவுக்குக் குசினி வாசலில்தான் கரைச்சல். விறாந்தையில் ஒழுங்காக நடந்து வருபவர், நிலைப்படியைக் கண்டதும் கால் தரையோடு ஒட்டினதுபோல் நின்றுவிடுவார். அந்த நேரம் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, விழுந்துவிடுவார். பிசியோதெரபி செய்பவர் சொன்னபடி தரையில் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டினோம். "அப்பா, கோட்டைத் தாண்டி வையுங்கோ" என்றால் தாண்டிப் போகிறார்! மூளையில் அசைவுக்கான செய்தியைக் கடத்துகிற டோபமின் என்ற இரசாயனம் குறைவதால் யோசிக்காமல் தானாக நடக்கிற நடைதான் முதலில் கெடுகிறது, கண்ணால் பார்த்துக் குறிவைத்து எடுத்து வைக்கிற எட்டுக்கு, அதாவது காலடிக்கு, மூளை வேறு பாதையையும் பயன்படுத்துகிறது.

டோபமின் குறைவை ஈடுசெய்கிற லெவோடோபா குளிசை நன்றாக வேலை செய்கிற நேரத்தில்தான் பயிற்சி. எங்களுக்கு அது காலமை, வெயில் ஏறமுன், முற்றத்தில். எட்டைப் பெரிதாக வைப்பது, கையை வீசுவது, கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, அவ்வளவுதான். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டமாக வரவேண்டும். நடக்கிறவருக்குக் கதை கொடுக்காதீர்கள், அப்பா நல்லூர்த் தேர்க் கதையைத் தொடங்கினாரென்றால் கால் நின்றுவிடும். அப்புறம், பயிற்சி செய்கிறோமே என்று குளிசையை விட்டுவிட வேண்டாம், இரண்டும் வேண்டும்.